சிறையும் வேண்டாம், கடையும் வேண்டாம்

பிராந்தியையும் விஸ்கியையும் சர்க்காரே தன் சொந்தக் கடைகளில் வைத்து விற்கின்ற ஒரு ராஜ்யத்தில், கஞ்சாப் பொட்டலம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்த குற்றத்துக்காக ஒரு வாலிபனைப் பிடித்துச் சிறையில் அடைப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி, சில வருஷங்களுக்கு முன்புவரை மேல்நாட்டுப் பத்திரிகைகளில் மட்டுமே பெரிதாக எழுந்துகொண்டிருந்தது. இன்று அது நம் கல்லூரி விடுதிகளிலும் நீதிமன்ற வராந்தாக்களிலும் தாராளமாகக் கேட்கிறது. கேட்கிறவர்கள் விடையையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: மதுவை எப்படி நடத்துகிறோமோ அப்படியே கஞ்சாவையும் நடத்துவோம், லைசென்ஸ் கொடுப்போம், வரி போடுவோம், வயது வந்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும் என்கிறார்கள். அதைக் கேட்டுப் பதறுகிறவர்களோ, இப்போதிருக்கும் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றலாகாது, முடிந்தால் தண்டனையை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்கிறார்கள்.

இரு கட்சியாரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். லாகிரி வஸ்துவை உபயோகிக்கிற மனிதனைத் தண்டிக்கலாமா என்பது ஒரு கேள்வி. அந்த வஸ்துவை லாபம் தரும் வியாபாரமாக ஆக்கலாமா என்பது முற்றிலும் வேறான இன்னொரு கேள்வி. தண்டிக்காவிட்டால் விற்றுத்தான் ஆக வேண்டும் என்று ஒரு சாராரும், விற்கக் கூடாதென்றால் தண்டித்துத்தான் ஆக வேண்டும் என்று மறு சாராரும் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டபடியால், நடுவே திறந்திருக்கும் வழி யார் கண்ணுக்கும் படாமல் போயிற்று. முடிச்சை அவிழ்த்து இரண்டு கேள்விகளையும் தனித்தனியே நிதானமாக விசாரித்துப் பார்த்தால், முதலாவதற்கும் இரண்டாவதற்கும் ‘கூடாது’ என்ற ஒரே விடைதான் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். என்.டி.பி.எஸ். என்று போலீஸ் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் வழங்குகிற 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம், ஒரே செடியைப் பல கூறாகப் பிரித்து வைத்திருக்கிறது. பூவும் காயும் கொண்ட நுனிக்கொத்து கஞ்சா. அதிலிருந்து எடுக்கும் பிசின் சரஸ். நுனிக்கொத்தோடு சேராத தனி இலையும் விதையும் இந்தச் சட்டத்தின் பிடிக்கு வெளியே நிற்பவை. அதனால்தான் காசியிலும் ஜெய்சல்மேரிலும் சர்க்கார் அநுமதி பெற்ற கடையில் பாங்கு வாங்கிப் பாலோடு கலந்து குடிக்கிறவன் குற்றவாளி ஆவதில்லை. அதே செடியின் நுனியைச் சிலும்பியில் இட்டுப் புகைக்கிறவனோ ஆறு மாதம் வரை சிறைக்குப் போகலாம். ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு, அதோடு ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். தமிழ்நாட்டில் இதற்கு மேலும், குண்டர் சட்டம் என்று பிரசித்தி பெற்ற 1982-ஆம் வருஷத்துத் தடுப்புக்காவல் சட்டம் இருக்கிறது. போதைப்பொருள் குற்றவாளி என்று கருதப்படுபவரை அதன்படி விசாரணையின்றியே ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம்.

இத்தனை கடுமையும் நெடுங்காலமாக நம்மிடம் இருந்துவந்ததன்று. சித்த வைத்தியம் கஞ்சாவைச் சிவமூலி என்ற பெயரால் அறிந்து, சுத்தி செய்து மருந்தில் சேர்த்தது. வடநாட்டுச் சாதுக்கள் அதைத் தங்கள் வழிபாட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் அதற்கு லைசென்ஸ் கொடுத்து வரி வாங்கிற்று. அப்படி வரி வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, கஞ்சா குடிப்பவர்கள் பைத்தியமாகிறார்கள், இந்தியாவின் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் அவர்களாலேயே நிரம்பி வழிகின்றன என்ற குற்றச்சாட்டு இங்கிலாந்தில் பலமாகக் கிளம்பியது. 1893-இல் காமன்ஸ் சபையில் எழுந்த கேள்வியின் பயனாக, மாக்வொர்த் யங் என்பவரைத் தலைவராகவும் மூன்று இந்தியர்களை அங்கத்தினர்களாகவும் கொண்ட எழுவர் கமிஷன் ஒன்றை இந்திய சர்க்கார் நியமித்தது. கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்து, அடுத்த வருஷமே பல வால்யூம்கள் கொண்ட அறிக்கையைக் கொடுத்தது.

அந்த அறிக்கையில் என் சிந்தையை மிகவும் கவர்ந்த பகுதி, பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் பற்றியதாகும். நோயாளி ஒருவனைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, நோய்க்குக் காரணம் என்ன என்று எழுதுவதற்குப் பதிவேட்டில் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியை நிரப்புவதற்கு ஆதாரமாயிருந்தது, பெரும்பாலும் நோயாளியைத் தெருவிலிருந்து பிடித்துவந்த போலீஸ்காரர் அனுப்பிய குறிப்புதான். காரணம் தெரியாது என்று எழுதினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். கஞ்சா என்று எழுதிவிட்டால் வராது. இவ்விதம் 1892-ஆம் வருஷத்தில் கஞ்சாவினாலும் அதன் இனத்தைச் சேர்ந்த வஸ்துக்களாலும் சித்தம் கலங்கியவர்கள் என்று பதிவான 222 பேரையும் கமிஷன் ஒவ்வொருவராக எடுத்து, ஊரிலும் குடும்பத்திலும் விசாரித்துப் பார்த்தபோது, அந்தக் காரணம் உண்மையாக இருக்கக்கூடும் என்று ஒப்பத்தக்கவர்கள் பாதிக்கும் குறைவாகவே நின்றார்கள். மிதமான உபயோகத்தால் சொல்லத்தக்க கெடுதல் இல்லை, அமித உபயோகம் கெடுதலே, ஆயினும் முழுத்தடை விதிப்பது ஜனங்களை இதைவிட மோசமான லாகிரிகளின் பக்கம் தள்ளக்கூடும் என்று கமிஷன் முடிவு கூறிற்று. குற்றச்சாட்டு எத்தனை பெரிதாயினும் அதைத் தனி மனிதனின் வாசல்வரை சென்று சோதித்த அந்தச் சிரத்தை, நூற்று முப்பது வருஷங்கள் கழித்தும் நாம் வணங்கத்தக்கது.

இந்த முடிவைப் புறந்தள்ளியது உலக அரசியல். 1961-இல் நியூயார்க்கில் உருவான போதைப்பொருள் உடன்படிக்கை, கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கொடிய வஸ்துக்களின் அட்டவணையில் வைத்தது. பரம்பரை வழக்கமுள்ள நாடுகளுக்கு 25 வருஷ அவகாசம் கொடுக்கப்பட்டது. இலையும் விதையும் அந்த வரையறைக்கு உட்படவில்லை. அவகாசம் முடியும் தறுவாயில், 1985-இல், நம் பார்லிமெண்ட் சட்டத்தை இயற்றிற்று. சிறு பொட்டலம், பெரிய மூட்டை என்ற வித்தியாசத்தை அது ஒழுங்காக அறிந்துகொண்டதே 2001-இல் திருத்தப்பட்ட பிறகுதான். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் ஆணையம் 27-க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் கஞ்சாவை அந்த மிகக் கொடிய அட்டவணையிலிருந்து நீக்கியபோது, நீக்க வேண்டும் என்று வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வெளியே அவ்விதம் வாக்களித்த தேசம், உள்ளே கஞ்சா விஷயத்தில் தன் சட்டத்தை இன்னும் திறந்து பார்க்கவில்லை.

சட்டம் யாரைத் தண்டிக்கிறது என்று பார்க்கும்போதுதான் அதன் அநீதி விளங்கும். பத்து கிராம் பொட்டலத்தோடு பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். தெருவோரத்தில் வைத்துச் சோதனை; எடை போட்டு, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள்; இரவு நிலையத்தில் கழிகிறது; மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னிலையில் நிறுத்தி, பதினைந்து நாள் ரிமாண்டு என்று சிறைக்கு அனுப்பிவிடவும் கூடும். அந்தப் பதினைந்து நாளில் பரீட்சை போய்விடலாம். அதன் பின் பாஸ்போர்ட்டுக்கோ சர்க்கார் உத்தியோகத்துக்கோ விண்ணப்பிக்கும்போதெல்லாம் போலீஸ் விசாரணையில் அந்த வழக்கு குறுக்கே வந்து நிற்கிறது. அவன் யாரையும் அடிக்கவில்லை, யார் பொருளையும் எடுக்கவில்லை. அவன் செய்தது தனக்குத்தானே செய்துகொண்ட தீங்கு. அந்தத் தீங்கைக் குறைப்பதற்குச் சட்டம் கண்டுபிடித்த உபாயம், அவனைத் தேர்ந்த குற்றவாளிகளின் நடுவே கொண்டுபோய் விடுவதாக இருக்கிறது.

மூட்டை சுமப்பவன் கதை இதைவிட வேதனையானது. தமிழ்நாட்டுக்குள் வரும் கஞ்சாவில் பெரும்பகுதி, ஆந்திரத்தின் விசாகப்பட்டினம் பக்கத்து மலைப்பிரதேசத்திலிருந்தும் அதை ஒட்டிய ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் மலைகளிலிருந்தும் ரயிலிலும் லாரியிலும் வருகிறது. அதில் ஒரு பகுதி வேதாரண்யம், ராமேசுவரம் கடற்கரைகளைக் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்து, அங்கே கேரளக் கஞ்சா என்ற பெயர் பெறுகிறது. பணம் போடுகிறவன் ஒருவன், பயிரிடுகிறவன் ஒருவன், சுமக்கிறவன் ஒருவன். பிடிபடுகிறவன் பெரும்பாலும் சுமக்கிறவனே. பையில் 21 கிலோ இருந்தால் அவனுக்குப் பத்தாண்டுக்குக் குறைந்த தண்டனை விதிக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை; போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆவது பிரிவின் காரணமாக ஜாமீனும் எளிதில் கிடைப்பதில்லை. மனிதனின் பங்கு எவ்வளவு என்று பாராமல், மூட்டையின் எடை எவ்வளவு என்று மட்டும் பார்த்துத் தண்டிக்கின்ற இந்த முறையில், முதலாளி தப்புவதும் கூலியாள் மாட்டுவதும் தவிர்க்க முடியாத விளைவாகிவிட்டது.

இவ்வளவும் சொன்னதால் கஞ்சா சாதுவான வஸ்து என்று நான் வாதிப்பதாக யாரும் எண்ணிவிடலாகாது. 1894-ஆம் வருஷத்து அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய கஞ்சாவுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பது பெரும் தவறு. அமெரிக்காவில் போலீசார் கைப்பற்றிய சரக்கைச் சோதித்தபோது, போதை தரும் டி.எச்.சி. என்ற ரசாயனம் 1995 வாக்கில் நூற்றுக்கு 4 பங்காக இருந்தது, இருபது வருஷத்துக்குள் 12 பங்கு ஆயிற்று என்று கண்டார்கள். ஐரோப்பாவிலும் பிரேஸிலிலும் நடந்து 2019-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தினந்தோறும் உபயோகிப்பவர்களுக்குச் சித்தப்பிரமை நோய் வரும் அபாயம், உபயோகியாதவர்களுக்கு உள்ளதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டது. பதினைந்து பதினாறு வயதில் பழகுகிறவர்கள் அடிமையாகும் விகிதம், பெரியவர்களான பின் பழகுகிறவர்களைக் காட்டிலும் அதிகம் என்பதும் வைத்தியர்கள் அறிந்த உண்மை. பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு தாய் நடுங்குகிறாள் என்றால், அந்த நடுக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதை அறியாமை என்று தள்ளுகிறவர்கள் இந்த விவகாரத்தைப் பேசத் தகுதியற்றவர்கள்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மதுவைப் போல் நடத்துவோம் என்கிறார்கள். மதுவை நாம் எப்படி நடத்தியிருக்கிறோம்? எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் போதைச் சிகிச்சை மையம் மத்திய சர்க்காருக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் மது அருந்துவோர் 16 கோடி. அவர்களில் வைத்திய உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் 5.7 கோடி. பாங்கு உட்பட இந்தச் செடியின் எந்த வடிவையேனும் உபயோகிப்பவர்கள் 3.1 கோடி, உதவி தேவைப்படுபவர்கள் 72 லட்சம். இந்தக் கணக்கைக் காட்டி, தீங்கு குறைந்ததைத் தடுத்துத் தீங்கு மிகுந்ததை விற்பது பட்சபாதம் என்று சொல்கிறார்கள். பட்சபாதம் என்பது மெய்தான். ஆனால் மூன்றில் ஒருவரைச் சிகிச்சைக்கு உரியவராக ஆக்கிவிட்ட ஒரு முறையை, இன்னொரு வஸ்துவுக்கும் விரிப்பதா அதற்குப் பரிகாரம்?

இவ்விஷயத்தில் தமிழ்நாடு அநுபவத்தை வேறெந்த நாட்டிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வருமானம் போயிற்றே என்று சும்மா இருந்துவிடாமல், அந்த இழப்பை ஈடு செய்ய 1939-இல் பொது விற்பனை வரியை விதித்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில், 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவிற்று. 1971-இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது, பின்பு வந்தது, மறுபடியும் போயிற்று. 1983-இல் டாஸ்மாக் ஸ்தாபனம் மொத்த வியாபாரத்துக்காகத் தோன்றியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. 2023-24-ஆம் வருஷத்தில் மதுவினால் கஜானாவுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மாநிலத்தின் சொந்த வரி வருமானத்தில் அது நாலில் ஒரு பங்குக்குக் குறையாதது. அந்தத் தொகையில் பெரும்பகுதி ஆயத்தீர்வையாக வருவதன்று; விற்பனை வரியின் வாரிசாகிய மதிப்புக் கூட்டு வரியாக வருவது. மதுவை ஒழிப்பதற்கென்று பிறந்த வரியே மதுவினால் வாழும் வரியாக மாறியதைக் காட்டிலும், வருமானம் ஒரு ராஜ்யத்தின் சித்தத்தை எப்படிக் கட்டிப்போடும் என்பதற்கு வேறு பிரமாணம் வேண்டுவதில்லை.

வருமானத்தின் கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதை, அதே சேலம் ஜில்லாவில் பிறந்த காந்தியவாதி சசிபெருமாள் தம் உயிரைக் கொடுத்துக் காட்டினார். 2015-ஆம் வருஷம் ஜூலை 31 அன்று, கன்னியாகுமரி ஜில்லா உண்ணாமலைக்கடையில், ஒரே ஒரு மதுக்கடையை அவ்விடத்திலிருந்து அகற்ற வேண்டும் என்று கோரி அவர் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்றார், உயிரோடு இறங்கவில்லை. எல்லாக் கடைகளையும் மூடச் சொல்லவில்லை. அந்த ஒரு கடையைத்தான் சொன்னார். திறப்பதற்கு ஓர் உத்தரவு போதும், மூடுவதற்கு ஓர் உயிரும் போதவில்லை என்ற நிலை, விற்பவனும் தடுக்க வேண்டியவனும் ஒரே ஆளாக இருப்பதால் வந்தது.

சட்டபூர்வமாக விற்றால் கள்ளச் சரக்கு ஒழிந்துவிடும் என்ற வாதத்துக்கும் நம் மண்ணிலேயே விடை இருக்கிறது. ஆயிரக்கணக்கான சர்க்கார் கடைகள் திறந்திருந்தபோதுதான், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வரி ஏற ஏறச் சர்க்கார் சரக்கின் விலை ஏறுகிறது. விலை ஏற ஏற, அன்றாடக் கூலிக்காரன் அதைவிட மலிவானதைத் தேடிப் போகிறான். கஞ்சாவுக்கு வரி போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

வெளிநாடுகளின் அநுபவத்தையும் பார்ப்போம். தாய்லாந்து 2022 ஜூனில், உரிய சட்டம் தயாராவதற்கு முன்பே, கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூனில், வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று திரும்பி நடக்க நேர்ந்தது. கானடா 2018 அக்டோபரில் வியாபாரத்தை அநுமதித்தது. கள்ளச் சந்தையின் பெரும்பகுதியைச் சட்டபூர்வமான கடைகள் கைப்பற்றின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பங்குச் சந்தையில் பெயர் போட்டிருக்கும் கம்பெனிகளுக்கு விற்பனை வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும், அந்த வளர்ச்சியோ அதிகமாகப் புகைப்பவர்களை நம்பித்தான் நிற்கும். உருகுவே 2013-இல் வேறு பாதையைத் தேர்ந்தது: வீட்டில் ஆறு செடி, அங்கத்தினர்களுக்கென்றே பயிரிடும் சிறு சங்கம், பெயர் பதிந்தவர்களுக்கு மருந்துக்கடையில் மாதம் 40 கிராம், விளம்பரம் அடியோடு கூடாது. ஜெர்மனி 2024 ஏப்ரலில், வயது வந்தோர் 25 கிராம் வரை வைத்திருக்கவும் மூன்று செடி வளர்க்கவும் அநுமதித்தது. கடை வைக்க அநுமதிக்கவில்லை. தண்டனையை நீக்கினால் கடையைத் திறந்தே தீர வேண்டும் என்பது விதியன்று என்பதற்கு இவை கண்கூடான சாட்சிகள்.

உபயோகிக்கலாம், விற்கக் கூடாது என்றால் சரக்கு எங்கிருந்து வரும், கள்ள வியாபாரி கொழுக்கத்தானே செய்வான் என்று கேட்பார்கள். இது வலுவான ஆட்சேபம். ஹாலந்து தேசம் 1976 முதல் இதைப் போன்ற ஒரு முரண்பாட்டோடுதான் காலம் தள்ளிவந்திருக்கிறது. ஆனால் மதுவுக்கும் இந்தச் செடிக்கும் உள்ள வித்தியாசம் இங்கே உதவிக்கு வருகிறது. இதற்கு ஆலை வேண்டாம், காய்ச்சும் உலை வேண்டாம்; தொட்டியில் நட்டால் வளரும். தன் சொந்த உபயோகத்துக்காக இரண்டொரு செடி வளர்ப்பதைக் குற்றமாகக் கருதாமல் விட்டால், காசு கைமாறாமலே தேவையின் ஒரு பகுதி தீரும். கள்ள வியாபாரம் முழுவதும் ஒழியாது; ஆனால் சிறு உபயோகிப்பாளரைத் துரத்துவதில் செலவாகும் போலீஸ் பலத்தை, பள்ளி வாசலில் விற்பவன்மீதும் பணம் போடும் முதலாளிமீதும் திருப்ப முடியும்.

ஆகவே செய்யத்தக்கது இது. சொந்த உபயோகத்துக்கான சிறு அளவு கஞ்சாவைக் குற்றவியல் சட்டத்திலிருந்து விலக்கி, போர்ச்சுகல் 2001-இல் செய்ததைப் போல, சட்டம் அறிந்தவரும் மனநலம் அறிந்தவரும் சமூக ஊழியரும் சேர்ந்த மூவர் குழுவின் முன்னால் உபயோகிப்பவனை உட்கார வைத்துப் பேச வேண்டும். போதைக்கு அடிமையானவன் சிகிச்சைக்கு இசைந்தால் வழக்கிலிருந்து விடுபடலாம் என்று போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு இப்போதே சொல்கிறது. வழக்குப் போட்ட பிறகு கிடைக்கும் அந்தச் சலுகையை, வழக்கே போடாமல் கிடைக்கும் உரிமையாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் போதைச் சிகிச்சைக்கென்று படுக்கையும் வைத்தியரும் இருக்க வேண்டும். மூட்டை சுமந்தவனின் உண்மையான பங்கை எடை போட நீதிபதிக்குச் சுதந்திரம் வேண்டும். சிறுவர்களுக்கு விற்பவனுக்குத் தண்டனை குறையக் கூடாது. சித்த, ஆயுர்வேத, நவீன வைத்திய ஆராய்ச்சிகளுக்குள்ள அநுமதி வெறும் எழுத்தாக நின்றுவிடாமல் செயலில் கிடைக்க வேண்டும். கடை, லைசென்ஸ், விளம்பரம், ஏலம், வரி ஆகிய ஐந்தும் இந்த விஷயத்தில் நுழையவே கூடாது.

அரசியல் சட்டத்தின் 47-ஆவது ஷரத்து, உடல்நலத்துக்குக் கேடான மதுவையும் லாகிரி வஸ்துக்களையும் ஜனங்கள் உட்கொள்வதைத் தடுக்க முயல்வது அரசின் கடமை என்று விதிக்கிறது. அந்தக் கடமை அரசுக்கு இடப்பட்டது. பலவீனப்பட்ட பிரஜையை அடைத்து வைப்பதால் அது நிறைவேறாது, அவன் பலவீனத்தில் வருமானம் தேடினாலோ மீறப்பட்டே போகும்.

இந்தச் சீர்திருத்தத்துக்கு இதுவே தக்க சமயம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இன்றைய தினம் இந்த நாட்டின் எந்த பட்ஜெட்டிலும் கஞ்சாப் புகையிலிருந்து பிறந்த பெருந்தொகை உட்கார்ந்திருக்கவில்லை. அதை நம்பித் தீட்டப்பட்ட திட்டம் ஒன்றுமில்லை. அதற்காக மந்திரிகளின் வாசலில் காத்திருக்கும் பெருங்கம்பெனிகளும் இல்லை. மது விஷயத்தில் அந்தச் சுதந்திரத்தை நாம் இழந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இங்கே அது இன்னும் நம் கையில் இருக்கிறது. லாபம் அடைகிறவர்கள் வந்து சேருவதற்கு முன்பே, லாபத்தை நினையாமல் மனிதனை மட்டும் நினைத்து ஒரு சட்டத்தை எழுதிவிட நம் பார்லிமெண்டால் முடியும்.